தெளிவுரை வேண்டி

முதலில் கண்ணில் பட்டது ஓரம்தான். தாளின் இடது பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை மடித்து, நகத்தால் அழுத்திக் கீறி, அந்த மடிப்பைத் தாண்டாமல் எழுதியிருந்தது. வாசகர்கள் இப்படி எழுதுவதில்லை. அவர்கள் தாளின் விளிம்பு வரை எழுதுவார்கள், இடம் போதாமல் பக்கவாட்டில் திருப்பி எழுதுவார்கள், அஞ்சலட்டையில் முகவரிக்கு மேலேயும் இரண்டு வரி ஏறியிருக்கும். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவர்கள்தான் மேலே இருப்பவர் குறிப்பெழுத இடம் விடுவார்கள். எங்கள் வீட்டில் பால்காரருக்கு எழுதி ஒட்டுகிற சீட்டில்கூட அந்த ஓரம் இருக்கும். மடிப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். பிறகுதான் எழுத்தைப் பார்த்தேன், உயிர்மெய்க்குக் கொம்பு போடும்போது மேலே தூக்கி எறிவது போன்ற அந்தச் சுழிப்பு. கீழே, கோ. அறவாழி, சோளிங்கர் என்று இருந்தது. சோளிங்கர் என் மாமியாரின் ஊர். அறவாழி என்று எங்களுக்கு யாரையும் தெரியாது. உறையின் மேல் முத்திரை சென்னை என்றது. எழுதியவர் என் கணவர்.

மணி பதினொன்று முப்பத்தைந்து. பக்கம் ஒரு மணிக்கு முடிய வேண்டும். பத்திரிகை சனிக்கிழமை வெளியாகும், வாசகர் கடிதப் பக்கம் புதன்கிழமை மதியம் அச்சுக்குப் போகும், இருபது வருஷமாக அது ஆதிமூலம் சாரின் பக்கம். எனக்கு மகளிர் இணைப்பு, கோலம், குழம்பு, குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது. ஒன்பது நாள் முன்பு அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனது. அதற்கு முந்தைய வாரம் தன் மேசையைக் காட்டி, "ஒரு மாசம் நீ பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார், விதியையும் சொன்னார். பன்னிரண்டு கடிதம். ஆறு ஆதரவு, நாலு எதிர்ப்பு, ரெண்டு திட்டு. ஒவ்வொன்றும் நாற்பது சொல். "திட்டு மரியாதையா இருக்கணும். அவன் இவன்னு வந்தா வெட்டிடு. அறிவிருக்கான்னு கேட்டா விட்டுடு, அது கேள்விதானே." நாற்பது சொல்லுக்கு வெட்டுவது குழம்புக் குறிப்பை வெட்டுவது போலத்தான் என்று நினைத்திருந்தேன். குழம்பில் எதை எடுத்தாலும் குழம்பு மிஞ்சும். ஆறு பக்கம் எழுதிய ஒரு மனிதரிடமிருந்து நாற்பது சொல்லை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கூடையில் போடும்போது கூடையைப் பார்க்காமல் போடவேண்டியிருக்கிறது.

எல்லாம் காளிங்கனால் வந்தது. 'குறுக்குத் தெரு' என்று வாரா வாரம் எழுதுகிறார், அரசியல், கோர்ட்டு, கோயில், எது கையில் கிடைக்கிறதோ அது. இரண்டு சனிக்கிழமைக்கு முன் மதம் மாறுகிறவர்களைப் பற்றி எழுதினார். ஒருவர் தன் சாமியை மாற்றிக்கொள்ள யாரிடமும் மனு கொடுக்க வேண்டியதில்லை, சாமியே வேண்டாம் என்பதற்கும் வேண்டியதில்லை, விட்டுவிட்டு வந்த சாமியிடம் திரும்பிப் போவதற்கும் வேண்டியதில்லை என்று ஆரம்பித்து, வழக்கம் போல மந்திரிகளை நாலு வார்த்தை சொல்லிவிட்டு, வழக்கமில்லாமல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். நம் வீடுகளில் எந்தச் சட்டமும் போடாமலே ஒருவர் தன் சாமியைச் செருப்பைப் போல வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார், பெரும்பாலும் அது பெண், சுதந்திரத்தைப் பற்றி மேடையில் பேசுகிற எத்தனை ஆண்கள் அந்தச் செருப்பு எங்கே போனது என்று கேட்டிருக்கிறார்கள்? இதுதான் கடைசிப் பத்தி. நான் அதைப் படிக்கவில்லை. சொந்தப் பத்திரிகையை யார் படிக்கிறார்கள். கடிதங்கள் வந்த பிறகுதான் படித்தேன். ஐம்பத்தேழு வந்திருக்கிறது. பரமக்குடியிலிருந்து ஒரு தலைமையாசிரியர், காளிங்கன் நெற்றியில் என்ன பூசுகிறார் என்பதை முதலில் தெரிவிக்கட்டும், பிறகு படிக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். கோவில்பட்டி அஞ்சலட்டை ஒன்று, இவர் வீட்டில் பூஜை அறை உண்டா, ஆம் அல்லது இல்லை என்று பதில் தேவை. மார்த்தாண்டம் பாதிரியார் ஒருவர் எட்டுப் பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் வசனம், வசனத்துக்கு வசனம் காளிங்கனுக்குச் சவால். வேடசந்தூர் இன்பராஜ் எந்த இதழுக்கும் எழுதுகிறவர், அட்டைப்படம் கண்ணைப் பறித்தது, குறுக்குத் தெரு நெஞ்சைப் பறித்தது என்கிறார், அவர் படித்தாரா என்பது அவருக்கும் அவருடைய சாமிக்கும்தான் தெரியும். தாராபுரத்திலிருந்து ஒரு பெண், கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக என் குலதெய்வத்தின் பெயரை இந்த வீட்டில் நான் சொன்னதில்லை, யாரும் சொல்லாதே என்று சொன்னதுமில்லை, தயவுசெய்து என் பெயரைப் போடாதீர்கள், ஊர் மட்டும் போதும். அதைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை, ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. அதற்கு அடுத்து எடுத்த உறைதான் இது.

பொருள் என்று நடுவில் எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறார். பொருள்: மனைவியின் வழிபாடு – கேட்பதா வேண்டாமா – தெளிவுரை வேண்டி. பார்வை: தங்கள் இதழின் 'குறுக்குத் தெரு' பகுதி. பார்வையில் கண்ட கட்டுரையின் இறுதிப் பத்தியில் ஆசிரியர் எழுப்பியுள்ள வினா தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஒன்று, நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். என் மனைவி கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். திருமணத்துக்குப் பின் அவர் ஆலயம் செல்வதை நிறுத்திக்கொண்டார். நிறுத்துமாறு நான் கூறவில்லை. இரண்டு, பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை மதியம் பேருந்தில் செல்கையில், அவர் தம் அலுவலகத்துக்கு அருகிலுள்ள தேவாலயத்துக்குள் முந்தானையைத் தலையில் இட்டுக்கொண்டு நுழைவதைக் கண்டேன். உறுதி செய்துகொள்ளும் பொருட்டு அடுத்த இரு புதன்கிழமைகளிலும் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். மூன்று, அதன்பின் அவ்வழியே செல்வதை இன்றுவரை தவிர்த்து வருகிறேன். நான்கு, இது குறித்து அவரிடம் கேட்டதில்லை. கேட்பது அவரது சுதந்திரத்தில் தலையிடுவதாகுமா, கேளாமல் இருப்பது தலையிடுவதாகுமா என்பது குறித்துத் தெளிவுரை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தேதி போட்டிருந்தார். போன வாரம் செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை. ஆதிமூலம் சாருக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், ஓய்வு பெற்றதிலிருந்து பூண்டும் வெங்காயமும் அவர் துறை. ஆதிமூலம் சாருக்குக் கண் ஆபரேஷன், ஒரு மாசத்துக்கு வர மாட்டார் என்றேன். "எந்தக் கண்ணு?" என்று கேட்டார். இடது என்றேன். சாரின் பக்கத்தை நான்தான் பார்க்கிறேன் என்றும் சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைவு, ஆனால் சொல்ல நினைத்ததும் சொன்னதும் நினைவில் ஒரே குரலில்தான் கேட்கின்றன. சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்தது. சொல்லாவிட்டால் இது ஆதிமூலத்துக்கு வந்தது, என் கணவர் முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், இடது கண்ணில் கட்டுப்போட்ட ஒரு மனிதரிடம், கட்டுப்போட்டிருப்பதால் வரமாட்டார் என்று தெரிந்தும், இல்லை, அவர் வரமாட்டார் என்று தெரிந்தால் யார் பிரிப்பார்கள் என்று நினைத்திருப்பார்? காலையில் கேட்டுவிட்டுப் பகலில் எழுதினாரா, முதலிலேயே எழுதி வைத்துவிட்டுத் தேதி மட்டும் அன்றைக்குப் போட்டாரா? அவர் வரைவு எழுதாமல் எதையும் எழுதமாட்டார். வரைவு எங்கே? வீட்டில் எந்த இழுப்பறையில்? எந்தக் கண்ணு என்று கேட்டபோது என்னைப் பார்த்தாரா, பூண்டைப் பார்த்தாரா? பூண்டைத்தான் பார்த்தார். அது எதற்கும் சாட்சி இல்லை, அவர் எப்போதும் பூண்டைத்தான் பார்ப்பார்.

வழிபாடு என்று எழுதியிருக்கிறார். அங்கே நான் வழிபடுகிறேனா? கடைசி வரிசைக்கு முந்தின பெஞ்சில், தூணுக்குப் பக்கத்தில் இருபது நிமிஷம் உட்காருகிறேன். முழங்கால் போட்டதில்லை. சுவரில் பதித்திருக்கிற கல்வெட்டுகளைப் படிப்பேன், இருபத்து மூன்று வயதில் காலராவில் போன ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர் இருக்கிறது, அவளுக்காக வருத்தப்படுவேன், பிறகு அலுவலகத்தில் முடிக்காத வேலை நினைவுக்கு வரும், பிறகு ஒன்றும் வராது. அந்த ஒன்றும் வராத நாலைந்து நிமிஷத்துக்காகத்தான் போகிறேன். அப்பா உபதேசியார், நாசரேத் பக்கம் ஒரு சின்ன சபையில். அவர் இதை ஜெபம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் இறந்தபோது இரண்டு பேரும் போனோம். இவர் கோயில் மதில் சுவருக்கு வெளியே, வெயிலில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆராதனை முடியும்வரை நின்றார். கொள்கைக்காரர், உள்ளே வரமாட்டார், ஆனால் மரத்தடிக்கும் போகவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு முழு நேரமும் அவர் தலையில் விழுகிற வெயில்தான் நினைவு, அப்பாவுக்காக அழவே முடியவில்லை. சென்னைக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு புதன்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடிவிட்டு, நடந்துபோய் உள்ளே உட்கார்ந்து அழுதேன். அதுதான் முதல் புதன். அவர் பேருந்திலிருந்து பார்த்தது அதுவா, மூன்றாவதா, நான்காவதா? உறுதி செய்துகொள்ளும் பொருட்டு. எதிர்ச்சாரியில் அப்போது ஒரு கரும்புச்சாறு வண்டி நிற்கும். அதன் பக்கத்தில் நின்றிருப்பார். நான் வெளியே வரும்போது மூக்கைச் சிந்திக்கொண்டு வந்திருப்பேன், முந்தானையை இறக்கிச் சரி செய்திருப்பேன், முகத்தை மாற்றிக்கொண்டிருப்பேன். முகத்தை மாற்றுகிற அந்த இடத்தையும் பார்த்திருப்பார். அவ்வழியே செல்வதைத் தவிர்த்து வருகிறேன். இதனால்தானா? பாரிமுனையிலிருந்து வரும்போதெல்லாம் நேர்ப் பேருந்தை விட்டுவிட்டு, சுற்றிப்போகிற பேருந்துக்கு இழுத்துக்கொண்டு போவாரே, நெரிசல், நெரிசல் என்பாரே, காலி பேருந்து முன்னால் நிற்கும்போதுகூட நெரிசல் என்பாரே. எத்தனை தடவை நடுத்தெருவில் திட்டியிருக்கிறேன். "உங்களுக்குப் புத்தி சுத்துவழியிலதான் போகும்" என்றுகூட ஒருமுறை சொன்னேன். சிரித்தார்.

நிறுத்துமாறு நான் கூறவில்லை. உண்மைதான், அவர் கூறவில்லை. அவருடைய சங்கக் கட்டடத்தில் மாலை மாற்றிக்கொண்டோம், தலைவர் ஒருவர் ஒலிபெருக்கியில், மத விலங்கை உடைத்தெறிந்து வந்திருக்கும் தோழர் மணி என்றார், கை தட்டினார்கள். என் பெயர் ஜெபமணி. ஜெபத்தை யார் எடுத்தது என்று தெரியாது, அழைப்பிதழிலேயே இல்லை. நான் எதையும் உடைக்கவில்லை, ஒரு பெட்டியோடு ரயிலேறி வந்தேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை தலை சீவி, நல்ல புடவை கட்டி, அறையை விட்டு வெளியே வந்தேன். செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "மார்க்கெட்டுக்கா? இரு, பை எடுத்துக்கறேன், நானும் வர்றேன்." மீன் வாங்கினோம். சங்கரா. அவ்வளவுதான் நடந்தது. அதில் யாரைப் பிடித்து என்ன கேட்க முடியும்? இல்லை, கோயிலுக்கு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பையை வைத்துவிட்டுச் சரி என்றிருப்பார், சரி என்றுதான் சொல்லியிருப்பார், ஆனால் அந்தச் சந்தோஷம் போயிருக்கும், அது போவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. காளிங்கனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? செருப்பை வாசலில் கழற்றுவதாம். நான் கழற்றவே இல்லை, செருப்போடு மீன் வாங்கப் போனேன்.

பன்னிரண்டு நாற்பது. பக்கம் வடிவமைக்கிற ஷமீமா கணினியை விட்டு எழுந்து, "மணிக்கா, பதினொண்ணு வந்திருக்கு, இன்னும் ஒண்ணு குடுத்தா மூடிடுவேன். தொழுதுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பழைய இதழ்கள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போனாள். கதவைச் சாத்துவதில்லை. இரண்டு கட்டுகளுக்கு நடுவே பாயை விரித்துக்கொள்வாள், ஆசிரியர் வந்தாலும் ஓரமாகச் சுற்றித்தான் போகவேண்டும். சேர்ந்த முதல் நாளே, "சார், எனக்கு மத்தியானம் பத்து நிமிஷம் வேணும், இடம் எங்க?" என்று கேட்டாள். இடம் கொடுத்தார்கள். அவளுக்கு இருபத்தாறு வயது. நான் அவள் வயதில் இல்லை, அவளைப் போலவும் இல்லை, ஆனால் ஒவ்வொரு மதியமும் அந்தத் திறந்த கதவைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது, இப்போது ஒத்துக்கொள்ளலாம். அவளுக்கு எல்லோரும் தருகிறார்கள், நான் யாரிடமும் வாங்காமல் எடுத்துக்கொள்கிறேன். வாரத்துக்கு இருபது நிமிஷம் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் என்னுடையதாக இருக்கிறது. அம்மாவாக, மனைவியாக, தோழராக, மணி மேடமாக இல்லாத இருபது நிமிஷம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்னுடையதாக இருந்திருக்கவில்லை. பதினோரு வருஷம், ஐந்நூறு அறுநூறு புதன்கிழமை, ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்து, அவர் பேருந்து மாறி, அவர் பேசாமல் இருந்து எனக்குக் கிடைத்தது. நான் எடுத்துக்கொண்டேன் என்று நினைத்தது, அவருடைய அலுவலகப் பாஷையில், எனக்கு ஒப்பளிக்கப்பட்டிருந்தது, அனுமதி போட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. இதற்கு ஏன் கோபம் வருகிறது என்று புரியவில்லை. நல்ல மனிதர் செய்கிற காரியம்தானே. வேறொரு ஆளாக இருந்தால் வீட்டை ரெண்டாக்கியிருப்பார். ஆனால் அந்த நாலைந்து நிமிஷத்தை இப்போது நினைத்துப் பார்த்தால், பெஞ்சு இருக்கிறது, தூண் இருக்கிறது, காலராவில் போன பெண்ணின் பெயர் இருக்கிறது, எதிர்ச்சாரியில் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். இனிமேல் அங்கே உட்கார முடியுமா? அதுதான். கடிதத்தைப் போடுவதா, நாற்பது சொல்லுக்கு வெட்டுவதா என்று நான் இத்தனை நேரம் யோசித்ததெல்லாம் அதைத் தொடாமல் இருக்கத்தான். இனிமேல் எனக்கு அந்த இடம் உண்டா?

தொலைபேசி அடித்தது. புதன்கிழமை இந்த நேரத்துக்குக் காளிங்கன் கூப்பிடுவார், ஒரு கடிதத்துக்காவது அடுத்த கட்டுரையில் பதில் எழுதுவது அவர் வழக்கம். "மேடம், இந்த வாரம் என்னை எத்தனை பேர் செருப்பால அடிச்சிருக்கான்?" என்றார். நாலு பேர் எதிர்ப்பு சார், ரெண்டு பேர் திட்டு என்றேன். "ரெண்டுதானா? ஆதிமூலம் இருந்தா அஞ்சு காட்டுவார். சரி, பதில் சொல்ற மாதிரி ஏதாவது இருக்கா?" மார்த்தாண்டம் பாதிரியார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். பொருள், மனைவியின் வழிபாடு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. என் குரலில் அது வேறு யாருடைய மனைவியையோ பற்றியது போல இருந்தது, முந்தானையைத் தலையில் இட்டுக்கொண்டு என்ற இடத்தில் மட்டும் ஒரு மூச்சு தவறியது. முடித்ததும் அந்தப் பக்கம் எங்கோ காக்கை கத்தியது. "யாரு இந்த ஆளு?" சோளிங்கர், அறவாழி. "கவர்மெண்டு ஆளா? பொண்டாட்டிக்கு மெமோ குடுக்கறவன் மாதிரி இருக்கான்." சிரித்துவிட்டேன். உடனே, "அப்படி இல்ல சார்" என்றேன், கொஞ்சம் வேகமாக. "எது அப்படி இல்ல?" "பழக்கம் சார். அவங்களுக்கு வேற மாதிரி எழுத வராது." அவர் தொண்டையைச் செருமினார். "நான் அதை எழுதினப்போ ஏதோ ஒரு வீட்டை நினைச்சேன் மேடம். யார் வீடுன்னு நினைக்கல. எனக்கே வீடு கிடையாது, அக்கா வீட்டு மாடியில இருக்கேன், அவ கும்பிடறா, நான் வடையைச் சாப்பிடறேன்." "அவர் என்ன செய்யணும் சார்?" "கேக்கணும். இல்ல, கேக்கக் கூடாது. இருங்க." மறுபடி காக்கை. "போடாதீங்க மேடம், அந்தம்மா கண்ணுல பட்டுடப் போவுது." "பட்டிருக்கும் சார்." "எப்படி?" "பத்திரிகை படிக்கிற வீடுதானே." "இதுக்கு எங்கிட்ட கருத்து இல்ல" என்றார், முப்பது வருஷத்தில் அந்த வாக்கியத்தை முதல் தடவை சொல்கிறவர் போல. "அந்தப் பாதிரியாரை அனுப்புங்க, அவரோட ரெண்டு வாரம் சண்டை போட்டுக்கறேன்."

தாராபுரத்துப் பெண்ணின் கடிதத்தை ஷமீமாவின் மேசையில் வைத்தேன், வெட்டாமல் போடு, வேடசந்தூரை எடுத்துவிட்டால் இடம் வரும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அதன் மேல் வைத்தேன். அப்படியானால் ஆறு ஆதரவு இல்லை, நாலுதான். ஆதிமூலம் சார் கேட்டால் கேட்கட்டும். மடித்த ஓரம் உள்ள தாளைக் கைப்பைக்குள் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். வீட்டில் சாயங்காலம் பூண்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிற அவர் முன்னால் இதைச் சுமந்துகொண்டு போய் உட்கார முடியாது. பேசாமல் இருக்கவும் முடியும். பதினோரு வருஷம் அவர் இருந்தது போல நானும் இருக்கலாம், எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாமல், அவர் போட்ட அதே சுற்றுவழியில் நானும் ஏறிக்கொள்ளலாம். வேண்டாம் என்று கைபேசியை எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லு மணி." பின்னால் குக்கர் சீறிக்கொண்டிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தது ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "மணி?" என்றார். குக்கர் ஒரு முறை கத்தி அடங்கியது. அப்புறம் மிக மெதுவாக, "வந்துருச்சா?" என்றார்.

எனக்குத்தான் எழுதியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை நான் சொல்லியிருக்கிறேன், அவர் கேட்டிருக்கிறார். ம் என்றேன். "போன வெள்ளிக்கிழமையே வந்திருக்கணும்." இன்னைக்குத்தான் வந்தது என்றேன். "தபால் அவ்வளவுதான்" என்றார், அது ஒரு பெரிய ஆறுதல் போல. "போட வேணாம். நீ பாத்தா போதும்." நேர்ல சொல்லியிருக்கலாம்ல என்றேன். "நாலு தடவை வந்து உக்காந்தேன். வாய் வரல. எழுதினா வருது." அறவாழின்னு யாரு என்றேன். "சும்மா. என் பேரு போட்டா நீ பிரிக்காம வீட்டுக்கு எடுத்துட்டு வந்துருவே." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கப் பார்த்தோம், வரவில்லை. "பதினோரு வருஷமா ஏன் கேக்கல?" என்று கேட்டபோது என் குரல் கணவரிடம் பேசுகிற குரலாக இல்லை. "கேட்டா போறதை நிறுத்திடுவியோன்னு." "நிறுத்தியிருக்க மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மையா என்று பார்த்தேன். தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. "இன்னைக்குப் போவியா?" என்றார். கேட்டுவிட்டார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை, அவ்வளவு சாதாரணமாக, மார்க்கெட்டுக்குப் போவியா என்பது போல. நான் வாயைத் திறப்பதற்குள், "சரி சரி, நான் கேக்கல" என்று அவரே அவசரமாகச் சொன்னார். "சாதம் வெந்துருச்சு, வச்சுர்றேன்" என்று வைத்துவிட்டார்.

கோபம் போயிருக்கவில்லை. அதன் பக்கத்திலேயே வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருந்தது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. ஷமீமா தலைத் துணியைச் சரி செய்துகொண்டே வந்து துண்டுத் தாளைப் படித்தாள், வேடசந்தூரா, பாவம் அவர் என்றாள், தட்டினாள், இழுத்தாள், பக்கம் மூடிக்கொண்டது. "மணி ஒண்ணு ஆயிடுச்சு. புதன்கிழமை, கிளம்பலையாக்கா?" என்று திரும்பாமலே கேட்டாள். நான் அவள் முதுகைப் பார்த்தேன். "உனக்கும் தெரியுமா?" "என்னக்கா, வாட்ச்மேனுக்கே தெரியும். மேடம் சர்ச்சுக்குப் போயிருக்காங்க, இருபது நிமிஷத்துல வந்துருவாங்கன்னு அவர்தான் வர்றவங்ககிட்ட சொல்லுவார்." ஐந்நூறு அறுநூறு புதன்கிழமை. முதலில் முகம் எரிந்தது, பிறகு, ஏனென்று தெரியவில்லை, சிரிப்பு வந்தது, மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். இனிமே புதன்கிழமை இல்லை என்றேன். "அப்ப என்னிக்கு?" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லும்போது எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அது நன்றாக இருந்தது.